பழைய சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்

அக்டோபர் 12, சனி

முழங்கால் எரிகிறது. நேற்று செண்டாயானில் வேலை செய்யும் ஃபேக்டரியிலிருந்து வரும்போது செம்பனைத் தோட்டத்து இறக்கத்தில் மழை. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். ரப்பர் கட்டை ஈர ரிம்மில் வழுக்கிக்கொண்டே போனது. நேராகக் கால்வாய்க்குள் விழுந்தேன்.

என் கணவர் மகேந்திரன் முடிவே கட்டிவிட்டார். "இனிமே மழையில நிக்காத சைக்கிள் வேணாம். இரும்புக் கடையில போட்டுட்டு ஃபேக்டரி பஸ்ல போ லா." அந்த பஸ் ஊரெல்லாம் சுற்றும். நாள் முழுக்க எனக்கென்று இருப்பது அந்தச் சைக்கிள் நேரம் ஒன்றுதான். விடமாட்டேன்.

அக்டோபர் 13

மோட்டார் சைக்கிள் மட்டும் மழையில் எப்படி நிற்கிறது? அவருடைய மோட்டாருக்குப் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். அட! பிரேக் ரிம்மைத் தொடவே இல்லை. நடுவில் இருக்கும் தட்டைக் கவ்வுகிறது. தரைத் தண்ணீர் அங்கே அவ்வளவாக ஏறாது. என் சைக்கிளுக்கும் போட்டால் என்ன?

அக்டோபர் 19, சனி

ரந்தாவில் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் மாயாண்டி அண்ணன் சிரித்தார். "ஃபிரேம்ல காதே இல்லையேம்மா, பிரேக்க எதுல மாட்டுவே?" பின் சக்கரத்திலிருந்து தொடங்கலாம், இரும்புக் காது வெல்டிங் செய்து தருகிறேன் என்றார். டிஸ்க் வைத்த சக்கரங்கள் வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 26, சனி

ஐயோ, காதை வலப்பக்கம் வைத்துவிட்டார்! மோட்டாருக்குச் செயின் இடப்பக்கம், பின் டிஸ்க் வலப்பக்கம். சைக்கிளுக்குச் செயினே வலப்பக்கம், டிஸ்க் இடப்பக்கம்தானே வரும்? மோட்டார் பார்த்துப் பழகிய கை. சரி, நான்? பக்கத்திலேயே நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தேன், என் புத்தி எங்க போச்சு?

"வெட்டி இந்தப் பக்கம் வைக்கவா?"

"வேணாம்ணே, ஃபிரேம் குழாய் மெலிசு. மறுபடி சுட்டா முறிஞ்சிடும்."

மகேந்திரன் வேறு, "அப்பவே சொன்னேன்ல."

அக்டோபர் 27

முன் பிரேக்தானே வண்டியை அதிகமாக நிறுத்தும்? பின்னால் பழைய சக்கரம், பழைய ரப்பர் கட்டையே இருக்கட்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை மட்டும் மாற்றினால்? டிஸ்க் சைக்கிள் ஃபோர்க்கில் காது ஏற்கெனவே இருக்குமே!

நவம்பர் 2, சனி

தீபாவளி முறுக்கோடு மாயாண்டி அண்ணனிடம் போனேன். நான் சொல்லியிருந்தபடி, காது வைத்த பழைய மவுண்டன் பைக் ஃபோர்க் ஒன்று தேடி வைத்திருந்தார். ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் கச்சிதமாக உட்கார்ந்தன. இந்த முறை எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம்.

நவம்பர் 8, வெள்ளி

நல்ல மழை. "நான் ஓட்டிப் பாக்கறேன். நீ மறுபடி விழுந்தா யாரு பாக்கறது?" என்று மகேந்திரன் ஏறிக்கொண்டார். இறக்கத்தின் கீழே குடையோடு நின்றேன். வந்தார், பிரேக்கைப் பிடித்தார், சைக்கிள் எனக்கு முன்னால் நின்றது. மறுபடி மேலே ஏறிப் போனார். மறுபடியும் போனார்.

நவம்பர் 11, திங்கள்

இன்றும் ஃபேக்டரி பஸ்தான். காலையில் வாசலில் அவர் மோட்டார் இருக்கிறது, அவரையும் என் சைக்கிளையும் காணோம். சாயங்காலம் வரட்டும் அந்த மனுசன்!