விலை சொல்லும் வாய்

போன வாரம் திருவனந்தபுரத்தில் ஓர் ஓவியக் கூடத்துக்குச் சட்டங்கள் கொண்டுபோயிருந்தேன். அவற்றை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்ச்சுவரில் உன் படம். மீன்கூடையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்கள், படிக்கட்டில் நின்று கையை நீட்டித் தடுக்கும் கண்டக்டர். நீ வரைந்த பலகை பழைய கட்டுமரத்தில் அறுத்தது. கயிறு இறுகிய தழும்பை மறைக்காமல், அதை வானத்தில் ஒரு கோடாகவே விட்டிருந்தாய். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஓர் அட்டை. விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நீங்கள் தர விரும்பும் தொகையைச் சொன்னால் பரிசீலிப்பார்களாம்.

நீ இருந்திருந்தால் அந்த அட்டையைக் கிழித்திருப்பாய். நான் கிழிக்கவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஆனால் பாலராமபுரம் தாண்டி நெய்யாற்றின்கரை வரும்வரை மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீ என் கடைக்கு வந்தாய். பாறசாலையில் நெடுஞ்சாலையோரம், கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. இயேசுவும் சிவபார்வதியும் யாரோ வீட்டுக் கல்யாணப் பெண்ணும் ஒரே சுவரில் தொங்குவார்கள். பொழியூர்க் கடற்கரையில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பேர் எழுதுகிறவன் என்று சொல்லி, சாக்குக்குள்ளிருந்து பலகைகளை எடுத்து வரிசையாகச் சாய்த்து வைத்தாய். வள்ளத்துக்கு அடிக்கிற எனாமல் பெயின்டில் கடல் அவ்வளவு கறுப்பாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சட்டம் போட வேண்டாம், சுவரில் மட்டும் இடம் கொடு என்றாய்.

கோவளத்திலிருந்து கன்னியாகுமரி போகிற கார்கள் என் கடை எதிரே இளநீர் குடிக்க நிற்கும். இறங்கி வருகிறவர்கள் உன் படங்களிடம் வந்து நின்றுவிடுவார்கள். அங்கேதான் நம் சண்டை ஆரம்பித்தது. நீ ஒவ்வொரு படத்திலும் விலை எழுதி ஒட்டினாய். எனக்கு அது பிடிக்கவில்லை.

"எலே, நீ ஒரு விலைய எழுதி ஒட்டினா அதுக்கு மேல எவன் தருவான்? அவன் மனசுல என்ன இருக்குன்னு முதல்ல அவனே சொல்லட்டு" என்றேன்.

"அவன் மனசுல உள்ளது அவனுக்க கிட்ட இருக்கட்டு மக்கா. எனக்க கையில உள்ளது என்னன்னு எனக்குத் தெரியும்" என்றாய்.

நான் விடவில்லை. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பொருள்களை விடும் ஏலத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு பூசணிக்காயை ரெண்டு குடும்பம் மாறிமாறிக் கேட்டுக் கேட்டு, ஒரு ஆட்டின் விலைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். சிறுவயதில் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சபைக் கோவிலுக்குப் போனவன் நான். வாங்குகிறவன் வாயைத் திறந்துவிட்டால் பொருளுக்குச் சிறகு முளைக்கும் என்பது என் நம்பிக்கை.

நீ சிரித்துவிட்டு, "எங்க ஏலத்தையும் ஒருக்கா வந்து பாரு" என்றாய்.

ஒரு விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போனாய். உன் அப்பா அப்போதுதான் கரையேறியிருந்தார். உடம்பெல்லாம் உப்பு. மீனை மணலில் குவித்தார்கள். சுற்றி வியாபாரிகள். ஏலக்காரன் குவியலைக் காலால் புரட்டிவிட்டு, தானே ஒரு விலையைச் சொல்லிக் கூவத் தொடங்கினான். உன் அப்பா மீனைப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். விலை ஏறியபோதும் திரும்பவில்லை, பாதியில் நின்றபோதும் திரும்பவில்லை. முடிந்த பிறகுதான் மெல்லக் கேட்டார்: "எவ்வளவுக்குப் போச்சு?"

திரும்பி வரும்போது நீ சொன்னாய்: "உசிரக் குடுத்துப் பிடிச்சவனுக்கு வாய் கெடையாது. கரையில நிக்கியவனுக்குத்தான் வாய். எனக்க படத்துக்கு நானாக்கும் விலை சொல்லுவேன்."

அதன்பிறகு நான் வாதாடியது கொஞ்சம் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. எறணாகுளத்துக்காரர் ஒருவர் உன் படங்களைத் தேடித்தேடி வாங்கத் தொடங்கியிருந்த நேரம். ஒருநாள் அவர் வந்தபோது, நீ ஒரு பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாய். ஒற்றசேகரமங்கலத்து டீச்சர் ஒருத்தி கேட்டுவிட்டுப் போயிருந்தாள். சம்பளம் வாங்கி வருகிறேன் என்று சொன்னதுதான், முன்பணம்கூடத் தரவில்லை. எறணாகுளத்துக்காரர் எழுதிய விலையைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்றார்.

"அது போயாச்சு சாரே" என்றாய்.

அவர் கார் கிளம்பிப் போனதும் உன்னைப் பிடித்து உலுக்கினேன். "எலே, ஒனக்குக் கிறுக்கா? அவ வராம இருந்தா?"

"வராட்டா இங்ஙன இருக்கும். கூடக் கேட்டா மாத்துவேன்னா, கொறைச்சுக் கேட்டாலும் மாத்தணும்லா மக்கா. ஒரு படத்துக்கு ரெண்டு விலை உண்டுன்னா ஒண்ணு பொய்யாக்கும்."

டீச்சர் வந்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

பிறகு உனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. மணலில் பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாய். நெஞ்சுக்குள் வால்வு கெட்டுவிட்டது, கீறிச் சரிசெய்ய வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். வரைவதும் நின்றது. என் சுவரில் இருந்தவை எல்லாம் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. உன் மகள் அப்போது பத்தாம் வகுப்பு.

அந்த ஐப்பசியில் நீ ஆட்டோவில் வந்து இறங்கினாய். கையில் உன் தம்பியின் படம். அவன் மழைக்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். படத்தில் அவன் கிடையாது. கரையில் ஒதுங்கிய வெறும் கட்டுமரம், அதை விட்டுத் தள்ளி, முதுகைக் காட்டியபடி உன் அம்மா. நீ எங்கும் விலை எழுதாத ஒரே படம். உன் வீட்டை விட்டு வெளியே வராத படம்.

"ஒங்க சபையில ஏலம் வருதுல்லா? இதையும் விடச் சொல்லு."

"இது வேண்டாம்லே. எறணாகுளத்துக்காரருக்கு ஆள் விடுவோம். நீ விலைய எழுது" என்றேன்.

"எழுதிப் பாத்தேன் மக்கா. இதுக்கு மட்டும் எழுத வரல்ல. வேற யாராவது சொல்லட்டு."

போதகரிடம் பேசினேன். கிடைப்பது முழுவதும் உன் வைத்தியத்துக்கே என்று சபை ஒத்துக்கொண்டது. பண்டிகையன்று நீ வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். வாழைக்குலைக்கும் சேவலுக்கும் வழக்கம்போலப் போட்டி. கோவிலே அதிர்ந்தது. அடுத்து உன் படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

"யாராவது தொடங்குங்க" என்றார் ஏலம் விட்டவர்.

"செத்த வீட்டுப் படம் மாதிரி இருக்கே" என்று முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. கடைசியில் ஒருவர் தொடங்கினார். சற்றுமுன் போன சேவலின் விலைக்குப் பாதி. நான் ஏற்றிக் கேட்டேன். இன்னொருவர் உன்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஐந்து ரூபாய் கூட்டினார். அவர் மனைவி அவரை முழங்கையால் இடித்து இன்னும் ஐந்து கூட்டச் சொன்னாள். விலை அப்படி ஊர்ந்தது. எவருக்கும் படம் வேண்டாம்; உனக்கு ஏதாவது செய்ய வேண்டும், அவ்வளவுதான். நானும் திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்து நின்றிருந்தாய். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாய்.

"ஒருதரம்... ரெண்டுதரம்..."

"பத்தாயிரம்" என்று உன் குரல் வந்தது.

ஏலம் விட்டவர் தடுமாறினார். "யாரு கேட்டது?"

"நானாக்கும்."

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போதகரைப் பார்த்தார். போதகர் சரியென்று தலையை அசைத்தார். ஏலம் விட்டவர் மூன்றுதரம் சொல்லி முடித்து, படத்தை அவரே நடந்து வந்து உன் கையில் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. ஏலக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் உன் பேரில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடிவிட்டார்.

ஆட்டோவில் போகும்போது படத்தை நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்தாய். திருப்புறம் தாண்டியதும் சொன்னாய்: "வேற ஆளு வாயில கேட்டப்பத்தான் விலை தெரிஞ்சுது மக்கா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் உனக்காகச் சபையாரிடையே காணிக்கைத் தட்டைச் சுற்றி அனுப்பினார். நீ வாங்கமாட்டாய் என்று பயந்துகொண்டே பணத்தைக் கொண்டுவந்தேன். நீ எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாய். "உதவின்னு சொல்லித் தந்தா உதவியா வாங்கிக்குவேன். அதுல எனக்கென்ன கொறைச்சல்?" என்றாய். அன்று நீ தெளிவாக இருந்தாய். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள்.

அந்த நாள்வரை நீ இருக்கவில்லை. கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்து இறைத்துத்தான் உன்னை இறக்கினார்கள். உன் அப்பா அன்றும் கடலைப் பார்த்தபடியே நின்றார்.

மகள் இப்போது வெளிநாட்டில் நர்ஸ். அவள் சித்தப்பாவின் படம் பொழியூர் வீட்டில்தான் இருக்கிறது. லீவில் வரும்போது அதைக் கேட்டு வருகிறவர்களிடம், அது எங்க அப்பா விலை கொடுத்து வாங்கினது என்கிறாள்.

எனக்கும் வயதாகிவிட்டது. அறுப்பின் பண்டிகைக்கு இன்றும் போகிறேன். போட்டிபோட்டுக் கேட்கிறவர்களின் சத்தம் முன்னைவிட அதிகம், மைக் வந்துவிட்டது. ஒரு பொருளைத் தூக்கிக் காட்டியதும் எல்லாருடைய கண்ணும் பொருளுக்குப் போகும். என் கண் மட்டும் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போய், அதைக் கொண்டுவந்தது யார் என்று தேடுகிறது. அந்த முகம் கிடைக்கும்வரை எனக்கு எந்த விலையும் காதில் விழுவதில்லை.