வரிசை மாறிய இரண்டு பெட்டிகள்

பக்கத்து வீட்டில் தரைக்குக் கல் பதிக்கிறார்கள். இன்று காலை கொத்தனார் தண்ணீர் ஊற்றி மிஷினில் கல்லை அறுத்தபோது, ஈரக் கல்பொடியின் வாசனை என் முற்றம் வரைக்கும் வந்தது. குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். வளைகுடாவில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த கொட்டகையின் வாசனை அது.

நீ அங்கே கல் படிக்கிறவன். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பூமிக்கடியிலிருந்து உருவி எடுக்கும் கல்தண்டுகள் பெட்டி பெட்டியாக வரும். அவற்றைக் கழுவி, ஆழத்தை எழுதி, வரிசையாக அடுக்குவது என் வேலை. லென்ஸோடு குனிந்தால் நீ சோற்றை மறந்துவிடுவாய். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டைக் காட்டினாய். வெளிர்மணலும் கறுத்த சேறும் மாறி மாறிக் கோடு கோடாக இருந்தன.

"லேய் மக்கா, இங்க பாரு. வெள்ளம் ஓடும்போ மணலு விழும், ஓட்டம் நிக்கும்போ சேறு படியும். வாவு நெருங்க நெருங்க கோடு தடிக்குது, பொறவு மெலியுது. ஆறு கடல்ல சேருற எங்க தேங்காப்பட்டணம் பொழிமுகம் மாதிரியேதான். ஆனா இது எத்தனையோ கோடி வருசத்துக்கு முன்ன உள்ளது."

அமாவாசையும் பௌர்ணமியும் வந்துபோனதை ஒரு கல் பதித்து வைத்திருக்கும் என்று அருமனை ரப்பர் தோட்டத்துக்காரனான எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த கிணற்றின் பெட்டிகள் வந்த அன்று தள்ளுவண்டி சாய்ந்து, இரண்டு பெட்டிகள் கவிழ்ந்தன. மேலே ஒட்டியிருந்த தாள்கள் நனைந்து எழுத்து அழிந்துபோயிருந்தது. எது மேலே இருந்தது, எது கீழே என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, ஊகத்தில் அடுக்கிப் புது எண் எழுதினேன். நீ படிக்க வந்தபோது கீழே கடல் ஓதம் படியவிட்ட சேறும் மேலே ஆற்றுமணலும் இருந்தன. ஆறு தன் டெல்டாவைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டே போயிருக்கிறது, எண்ணெய் தங்கும் நல்ல மணல் கடல் பக்கம்தான் கிடைக்கும் என்று அறிக்கை கொடுத்தாய். நீ சொன்ன இடத்தில் தோண்டினார்கள். வெறும் சேறு.

அதன்பிறகுதான் கிணற்றடியிலேயே பெட்டிகளை எடுத்திருந்த பழைய போட்டோக்களைத் தேடிப் பார்த்தேன். வரிசை நேர்மாறு. கடல் ஏறி வந்து ஆற்றை மூடியிருந்தது. மணல் நிலத்துப் பக்கம் கிடந்திருக்கிறது.

உன்னை ஊருக்கு அனுப்பினார்கள். துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டே ஒரே ஒரு தடவை கேட்டாய்.

"பெட்டி எல்லாம் வரிசையாத்தானே மக்கா இருந்து?"

"ஆமா மக்கா."

"அப்ப நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன்."

நீ என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். அதன்பிறகு பெருநாளுக்கு நான் உன்னைக் கூப்பிடுவேன், கிறிஸ்துமஸுக்கு நீ என்னைக் கூப்பிடுவாய். அத்தனை போனிலும் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசினேன். நெஞ்சுவலியில் நீ போன செய்தியும் ஒரு போனில்தான் வந்தது.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபின், போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஊருக்கு வந்த பொறவு கடை உண்டு, பள்ளிவாசல் உண்டுன்னு இருந்தாங்க அண்ணே. ஆனா கடல் தண்ணி வத்துனா ஒரு மண்வெட்டியத் தூக்கிட்டு பொழிமுகத்துக்குப் போயிருவாங்க. சேத்த வெட்டி வெட்டிப் பாப்பாங்க. என்ன தேடுதியன்னு கேட்டா, 'எங்க தப்பு விட்டேன்னு பாக்கேன்'ம்பாங்க. மூச்சு முட்டத் தொடங்குன பொறவும் போனாங்க."

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. கவிழ்ந்த பெட்டிகளையும், ஊகத்தில் எழுதிய எண்களையும், உனக்குச் சொன்ன பொய்யையும் எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. முக்காட்டுத் தட்டத்தை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"இத அவங்க இருக்கும்போ ஒரு போன்ல சொல்லியிருக்கலாமே அண்ணே."

எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை. வெகுநேரம் இருந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு நானே இறங்கி வந்தேன்.

நீ தப்பாகப் படிக்கவில்லை மக்கா. உன் முன்னால் இருந்ததைச் சரியாகத்தான் படித்தாய். சொல்ல அரை நிமிடம் ஆகாது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய இதை, யாரிடம் சொன்னாலும் இறங்காத பாரமாக இப்போது நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.