காதுகுத்துக்கு நீ செய்த பாட்டு

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு

அன்புள்ள குணாளனுக்கு,

"இது என் பிள்ளை இருபது நாள் உட்கார்ந்து செய்த பாட்டு" என்று மணவாள நகரில் தமிழ்செல்வி குழந்தையின் காதுகுத்தில் நான் சொல்லவில்லை. நலம் விசாரிக்கும் முன்பே இதை எழுதிவிட வேண்டும், போனில் என்றால் சாப்பாட்டைப் பற்றிப் பேசி வைத்துவிடுவேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. புனேயில் நல்ல மழையாமே, ஈரச் சட்டையோடு வேலைக்குப் போகாதே.

தமிழ்செல்விக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன் நீதான் தாய்மாமன், உன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தினார்கள். அப்போது உனக்கு வேலையில்லை, தாய்மாமன் சீராக ஒரு பாட்டைச் செய்து கொண்டுவந்தாய். ஸ்பீக்கரில் அது முடிந்ததும் உன் பெரியப்பா சடையப்பன், "இன்னாடா மாமங்காரா, போன்ல ரெண்டு வரி சொன்னா அதுவே பாடிக்குதாமே, இதுல நீ இன்னா கிழிச்ச" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீ என்னைப் பார்த்தாய். கம்ப்யூட்டர் தந்த மெட்டுகளையெல்லாம் தள்ளிவிட்டு, மேளத்தை மட்டும் அதனிடம் வாங்கிக்கொண்டு, குழந்தையின் பெயர் வரும் வரியை நீ திரும்பத் திரும்பப் பாடி அழித்ததைச் சமையலறையிலிருந்து கேட்டவள் நான். இருபது நாள் ஆனது என்று சொன்னால், "வேல தேடாம இத்தயா பண்ணிக்கினு இருந்தான்" என்பார்களே என்று பயந்து, "ஆமா மாமா, அஞ்சே நிமிசத்துல பண்ணிட்டான்" என்றேன்.

இந்தக் கருவிகள் பாட்டை என்னவாக்கும் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், நானும் விடாமல் படிக்கிறேன். இனி கேட்பவர்கள் நன்றாக இருக்கிறதா என்பதற்கு முன் யார் செய்தது என்றுதான் கேட்பார்கள் போலிருக்கிறது, கூட இருந்தவர்கள்தான் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும், கூட இருந்த நானே மாற்றிச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் தமிழ்செல்வியிடம் போய் உண்மையைச் சொல்லி, பாட்டை ஒருமுறை போடச் சொன்னேன். போனில் இடமில்லை என்று அழித்துவிட்டாளாம். "அஞ்சு நிமிசம்னு நீதான சொன்ன சித்தி, கேட்டா தம்பி வேற பண்ணிக் குடுப்பான்னு நெனச்சேன்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. உன்னிடம் இருப்பதை அனுப்பு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பெரியப்பாவுக்கு ஒருமுறை போன் செய், மனதில் வைத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கை வைத்த காரியமெல்லாம் உனக்குத் துலங்கட்டும்.

உன் அம்மா,
சுமலதா

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது நீ போனில் கூப்பிட்டாய். பாட்டு இருக்கிறதா என்று கேட்டேன். காதுகுத்து முடிந்து திரும்பிய பஸ்ஸிலேயே அழித்துவிட்டதாகச் சொன்னாய்.