எண் அழிந்த டயல்

ஜூலை 9, செவ்வாய்
விடியறதிலேர்ந்து தூறல். துணி காயல. அப்பாவோட சுவர்க்கடிகாரம் நேத்து ஆட்டோவுல வந்துச்சு. அண்ணன் அனுப்பினது. பின்னாடியே போன். ஆறு வருஷம் கழிச்சு அவன் குரல். "ஓட மாட்டேங்குது. உனக்குத்தான் கடிகாரப் பைத்தியமாச்சே, பாரு. ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து எடுத்துக்கறேன்." அவ்வளவுதான்.

அம்மா செத்தப்ப அவன் துபாயிலேர்ந்து வந்து சேரறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டேன். ஒரு நாள் காத்திருக்கல. அன்னிக்கு நின்ன பேச்சு.

செய்ய வேண்டியது: எண்ணெய். பெண்டுலம் தொங்கற தகடு மாத்தணும். டயல் துடைக்கணும். பால் கார்டு வாங்கணும்.

10, புதன்
ஓடுது! டிக்கும் டக்கும் சமமா விழுது. என்கிட்ட இருக்கற பத்தொன்பது கடிகாரத்துல எதுக்கும் இந்தச் சத்தம் இல்ல. சமையக்கட்டுல நின்னு அழுதேன்.

மதியம். ஐயோ. ஐயோ.

டயல் பீங்கான்னு அப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். வேற கடிகாரம்னா முதல்ல நகத்தால தட்டிப் பாப்பேன். ஓரத்துல ஈரப்பஞ்சால ஒரு புள்ளி தொட்டுப் பாப்பேன். கடிகார வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் பாடம் எடுக்கறவ நான். இதை மட்டும் தட்டல. சோப்புத்தண்ணி, பஞ்சு, ஒரே இழுப்பு. பெயிண்ட் அடிச்ச தகரம்! ஏழுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பஞ்சோட வந்துடுச்சு. மீதி கருப்பா வழிஞ்சுது. பதறிப்போய் துடைச்சேன், அதுவும் போச்சு. இப்ப வெறும் வெள்ளை. ரெண்டு முள்ளு.

சாப்பிடல.

11, வியாழன்
வெயில். தேவராஜ மொஹல்லாவுல இருக்கற கன்னட ரிப்பேர்க்காரர் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தார். "ஆகல்ல மேடம், திரும்ப எழுத முடியாது. உங்ககிட்ட இதே சைஸ் வேற டயல் இருக்குமே, மாட்டிடுங்க. யாருக்கு கொத்தாகும், யாருக்குத் தெரியப்போகுது?"

மாட்டிப் பாத்தேன். கச்சிதமா உக்காந்துச்சு. சீ, ஏமாத்து வேலை. கழட்டினேன். மறுபடி மாட்டினேன். கழட்டினேன். ஆண்டவரே, ஞாயிறு வரவே வேணாம்.

14, ஞாயிறு
காலையில முழுசா சாவி கொடுத்தேன். எட்டு நாள் ஓடும். டயல் வெள்ளையாவே.

அண்ணன் 10.30க்கு. தலை முழுக்க நரை. காபி வேணாம்னுட்டான். கடிகாரத்தையே பாத்தான்.

"அண்ணா, நான்தான் அழிச்சேன். பீங்கான்னு நெனச்சு."

வெறும் டயலை விரலால தடவினான். அப்புறம், "இதுலயும் உனக்கு அவசரம்தான், இல்ல?"

மன்னிச்சிடுன்னு சொன்னேனா, ஞாபகமில்ல. கையைப் பிடிச்சேன். அவன் இழுத்துக்கல, பிடிச்சுக்கவும் இல்ல. நான் முகம் கழுவிட்டு வந்தப்ப பதினொண்ணு அடிச்சுது. அடிச்சு முடியற வரைக்கும் நின்னான். போயிட்டான்.

கடிகாரம் இங்கேயே. பெட்டிக்குள்ள கொக்கியில மாட்டியிருந்த சாவியைக் காணோம். அவன்தான் எடுத்திருக்கான்.

15, திங்கள்
எதுக்கு எடுத்தான்? நான் தொடக்கூடாதுன்னா? தானே வந்து கொடுக்கவா? போன் எடுக்க மாட்டேங்கறான். என் டப்பாவுல இதே அளவு சாவி மூணு இருக்கு. தொட மாட்டேன்.

19, வெள்ளி
மழை. கேஸ் புக் பண்ணணும். மணி இழுத்து இழுத்து அடிக்குது. கேட் பக்கமே காது. எதிர்வீட்டு ஸ்கூட்டருக்கெல்லாம் எழுந்து ஓடறேன். வெக்கமாயிருக்கு.

22, திங்கள்
9.40. நின்னுடுச்சு.

போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "நின்னுடுச்சு அண்ணா. நான் சாவி கொடுக்கல. நீ வர்ற வரைக்கும் கொடுக்க மாட்டேன்."

ரெண்டு நீல டிக். டைப்பிங்னு வந்துச்சு. போயிடுச்சு. மறுபடி வந்துச்சு. போயிடுச்சு.

மத்த பத்தொன்பதும் பன்னெண்டு அடிச்சு முடிச்சாச்சு. இன்னும் பதில் இல்ல.