பச்சைத் துணிக்குள்ளே கூப்பிட்ட பேர்கள்

பேரையூர்
3.9.2025

தம்பி மரியராஜுக்கு, கண்ணுச்சாமி சொல்லச் சொல்ல மருமகள் கனகா எழுதுவது.

எமர்ஜென்சி முடிஞ்ச வருசம், திருச்சிக்குள்ள காவேரி புகுந்த ஐப்பசியில நாம வெட்டின கிணறு ஞாபகம் இருக்கா? அம்பதடி ஆழத்துல வராத பயம் இப்ப ஒரு பச்சைத் துணிக்குள்ள வருது.

கண்ணுல புரை. மதுரையில ஆபரேசனுக்குப் படுக்க வச்சு மூஞ்சியை மூடினாங்க. நெஞ்சு அடைச்சு, கை விறைச்சு, செத்தேன்னு துணியைப் பிடுங்கிட்டு வந்துட்டேன். நெஞ்சைச் சோதிச்சதுல ஒரு குறையும் இல்லையாம். 'பேனிக்'னு பேர் சொன்னாங்க. அடுத்த மாசம் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. இன்னொரு கண்ணு முன்னமே போனது உனக்குத் தெரியும்.

சீரகத் தண்ணி குடிச்சேன், திருநீறு போட்டேன். கனகா செல்போனைப் பார்த்து மூச்சை எண்ணி விடச் சொல்லுது. எண்ண எண்ணத்தான் முட்டுது. பயத்துக்கு அமுக்கராப் பொடி நல்லதுங்கிறாங்க. நீ என்ன சொல்றே? போன் போட்டா உனக்குக் காது கேக்காது, அதான் கடுதாசி.

கண்ணுச்சாமி
(கைநாட்டு)

திருப்பரங்குன்றம்
10.9.2025

அன்புள்ள அண்ணே,

ஆண்டவர் கிருபையில் சுகம். டாக்டரைக் கேட்காமல் அமுக்கராவைத் தொடாதீங்க. நீங்க போடுற சர்க்கரை மாத்திரையோடு அது ஒத்துப்போகாது என்கிறாள் என் மகள் ஷெரின். அவள் நர்ஸ், சொன்னால் கேட்கணும். சீரகத் தண்ணிக்குத் தடையில்லை.

எனக்கு ஒன்று தோணுது. வெடிக்குத் திரி பத்த வைக்கும் முன்னால், எல்லாரும் கிணத்தை விட்டு ஏறியாச்சான்னு பார்க்க மேஸ்திரி உங்களைத்தானே பேர் கூப்பிடச் சொல்வார்? நோட்டை விட உங்க ஞாபகத்தை நம்பினார். அவனவன் குரல் கேட்டால்தான் அடுத்த பேர். ஒருநாள் சோணைக்குப் பதிலாக நான் அவசரத்தில் 'வந்துட்டான்' என்றேன். 'அவன் வாயால சொல்லட்டும்டா' என்று நீங்கள் விடவில்லை. எட்டிப் பார்த்தால் சோணை கீழே வெத்தலைப் பையைத் தேடிக்கொண்டு நிற்கிறான். அந்தப் பழி என் தலையில் விழாமல் இம்புட்டு வருசம் நான் தூங்கினது உங்களால்.

பேர் கூப்பிடும்போது உங்களுக்கு மூச்சு முட்டி நான் பார்த்ததில்லை. டாக்டரிடம் பயத்தை முதலிலேயே சொல்லிவிட்டு, துணிக்குள்ளே அந்தப் பேர்களை மனசுக்குள் கூப்பிட்டுப் பாருங்க. கூட வர என் முழங்கால் விடமாட்டேங்குது.

உங்கள் தம்பி,
மரியராஜ்

பேரையூர்
16.10.2025

(கைநாட்டு)

தம்பிக்கு,

கைநாட்டை முதல்லயே வச்சுட்டேன், மேலே பாரு. எங்க வைக்கிறேன்னு இப்பத் தெரியுது. கனகா பேனா நீலம்.

பயத்தைச் சொன்னேன். அங்க இருந்த நர்ஸ் பிள்ளை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'முடியலைன்னா அமுக்குங்க, நிறுத்திருவோம்'னுச்சு. துணி விழுந்ததும் அதே அடைப்பு. கூப்பிட ஆரம்பிச்சேன். மேஸ்திரி கருப்பு கனைச்சுட்டு 'ஆச்சு'ன்னார். மொக்கச்சாமி வையுற மாதிரியே பதில் சொன்னான். இருளாயி, 'நான் ஏறி எம்புட்டு நேரமாச்சு, கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?'ன்னா. சிரிச்சுட்டேன். 'ஆடாதீங்க தாத்தா'ன்னாங்க. சோணைதான் லேட்டு, எப்பவும் போல. அவன் குரலுக்குக் காத்துக்கிட்டு இருக்கையில, ஆபரேசன் முடிஞ்சதுன்னு துணியை எடுத்துட்டாங்க.

இனி அந்த அடைப்பு வராதுன்னு இல்லை. வந்தா கூப்பிடுவேன். நன்றின்னா நீ வைவே, ஆனாலும் சொல்றேன்.

அந்த நாலு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒரு பேரை மட்டும் துணிக்குள்ள நான் கூப்பிடலை. பஸ் ஏறலாம்னு டாக்டரம்மா சொன்னதும் வாரேன். உன் வாசல்ல நின்னு கூப்பிடுவேன். ஷெரின் பதில் சொன்னா ஒத்துக்க மாட்டேன். காது கேக்கலைன்னா என் உதட்டைப் பாரு. உன் வாயாலதான் சொல்லணும், மரியராஜ்.