பேர் போடாத இடதுகைக்காரன்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சீசன் தொடங்கியது. ஸ்டேடியம் வாசலில் புதுக் காவலாளி, என்னை நிறுத்தி டிக்கெட் கேட்டான். இந்த மத்தான்சாஸ் ஊரில் என்னிடம் டிக்கெட் கேட்க ஒரு ஆள் பிறந்துவிட்டான்! பத்திரிகையாளர் அட்டையை நீட்டினேன். அட்டையில் இருக்கும் கறுப்பு முடிக்காரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான்தான்டா, வயசாச்சு, வழி விடு என்றேன்.

நம் அணியில் புதுப் பையன் ஒருவன் பந்து வீசினான். இடதுகை. வீசுவதற்கு முன் முழங்கையை ஒரு தினுசாக உயர்த்தினான். இன்னொருத்தன் அப்படித்தான் உயர்த்துவான். யார் என்று இங்கே எழுதக்கூடக் கை கூசுகிறது. என் சொந்த டைரி, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

உல்பியானோ பரோ.

எழுதிவிட்டேன். போதுமா, செனாய்டா?

ஆகஸ்ட் 8

பேப்பர் ஆசிரியர் யூனியர் கூப்பிட்டு அனுப்பினான். முப்பது வயசு. இந்தத் தலைமுறையில் எல்லாருக்குமே ‘யூ’, ‘யா’ என்றுதான் பேர் ஆரம்பிக்கும். வருகைப் பதிவு எடுக்கிற வாத்தியார் பாவம்.

“தோழர், நம்ம ஊர் பேஸ்பால்ல மறக்க முடியாத பத்துப் பேர். வாரம் ஒருத்தர். உங்களைத் தவிர யாராலயும் முடியாது” என்றான். நல்லா ஐஸ் வைக்கத் தெரிகிறது. சரி என்றேன்.

பாலத்தின் மேல் நடந்து வரும்போதே ஒன்பது பேரை மனசில் எழுதி முடித்துவிட்டேன். பத்தாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியும். எழுத முடியாது என்பதும் தெரியும்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. வெளிநாட்டுப் போட்டிக்குப் போன அணி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. வடக்கே, எதிரி நாட்டிலேயே தங்கிவிட்டான். மறுநாள் அப்போதைய ஆசிரியர் என் மேசைக்கு வந்து நின்றுகொண்டே சொன்னார்: “அந்தப் பேர் இனிமே நம்ம பேப்பர்ல வராது.” விளக்கம் எதுவும் கிடையாது. அதன்பிறகு ‘அன்று பந்து வீசியவர்’ என்று எழுதினேன். ‘ஒரு இடதுகை வீச்சாளர்’ என்று எழுதினேன். நாங்கள் கோப்பை ஜெயித்த கதையைப் பந்தே வீசாமல் ஜெயித்த மாதிரி எழுதினேன். என்னைப் போல இந்த வேலையில் கெட்டிக்காரி வேறு யாரும் இல்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

முதல் கட்டுரை வந்துவிட்டது. ஃபெர்மின், கரும்பு வெட்டியவன், நடுமைதானக்காரன். மட்டையில் பந்து படும் சத்தத்தைக் கேட்டதும் திரும்பி, பந்தைப் பார்க்காமலே ஓடுவான். எங்கே விழுமோ அங்கே போய் நின்று அண்ணாந்து பார்ப்பான், பந்து வந்து கையில் விழும். எப்படியப்பா என்று கேட்டால், கரும்பு சாயுற சத்தத்துக்கு ஓடாதவன் உயிரோட இருக்க மாட்டான் என்பான்.

பூங்காவில் வாசித்தார்கள். அங்கே காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே பேஸ்பால் சண்டை போடும் கூட்டம். வெளியூர்க்காரன் பார்த்தால் கொலை நடக்கப்போகிறது என்று போலீஸைக் கூப்பிடுவான். கூட்டத்துக்குத் தலைவன் அர்செனியோ. உல்பியானோவின் பந்துகளை எல்லாம் பிடித்த கேட்சர். முட்டி இரண்டும் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபெர்மின் முதல்ல வரலாமா, அவனுக்கு மட்டை பிடிக்கவே தெரியாதே என்று பிடித்துக்கொண்டான். போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, “பத்தாவது யாரு?” என்றான்.

தெரியல என்றேன். அவனும் மேலே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31

இந்த வாரம் நடுவர் கிரெசென்சியோ. ஆட்டக்காரனை அவுட் கொடுத்துவிட்டு, “மன்னிச்சுக்கோ தம்பி, பந்து குறுக்கே வந்துடுச்சு” என்று அவன் காதில் சொல்லுவார். ஒருநாள் உல்பியானோ பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கி வந்து, “நான் வீசினதுக்கு நீங்க ஏன் மன்னிப்பு கேக்கறீங்க?” என்று சண்டை போட்டான். கட்டுரையில் ‘வீச்சாளர் ஒருவர்’ என்று போட்டேன். எழுதி முடித்ததும் எரிச்சலாக வந்தது.

செப்டம்பர் 3

கரண்ட் இல்லை. வியர்வை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அவனுக்கும் எனக்கும் என்ன? யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முத்தம் கிடையாது. ஆட்டம் முடிந்த மறுநாள் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுப்பாலத்தில் நிற்பான். “இதென்ன, அதிர்ஷ்டத்துல ஜெயிச்சேன்னு எழுதியிருக்கே?” என்று தொடங்குவான். நான் விடுவேனா? இருட்டும் வரை. சில நாள் சாப்பிடக்கூட மறந்து. அவனோடு சண்டை போடுவதற்காகவே ஒரு வரியைக் கொஞ்சம் காரமாக எழுதிய நாட்கள் உண்டு.

அவன் வேணும் எனக்கு. இந்த வயசிலும். வெட்கமா இருக்கு, ஆனா வேணும்.

செப்டம்பர் 19

இதை உடனே எழுதிவைக்க வேண்டும்.

மருந்துக்கடை வரிசையில் நொயேலியா, அவன் தங்கை. வருஷக்கணக்காக ஒரு தலையசைப்போடு சரி. இன்று அவளாகவே பக்கத்தில் வந்து நின்றாள். அவன் நல்லா இருக்கானா என்று கேட்டேன். கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இருக்கான், வடக்கே டாம்பாவில், கல்யாணம் ஆகி விவாகரத்தும் ஆகிவிட்டது, ஒரு மகன் என்றாள். ஏன் வந்து பார்ப்பதில்லை, இப்போதெல்லாம் அப்படிப் போனவர்கள் வந்து போகிறார்களே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“உன்னாலதான்டி” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“வியாழக்கிழமை ஆனா கம்ப்யூட்டர்ல உன் எழுத்தைத் தேடிப் படிக்கிறான். படிச்சிட்டு எனக்குப் போன் போட்டு, ‘இந்த வாரமும் என் பேர் இல்ல’ம்பான். இப்ப இந்தப் பத்துப் பேர் வேற. ‘நடுவருக்குப் பேர் இருக்கு, எனக்கு இல்ல. செனாய்டாவுக்கே என் பேரை எழுதப் பிடிக்கல, அப்புறம் நான் யாரைப் பார்க்க வர்றது?’ன்னு கேக்கறான்.”

தடை இருக்கே நொயேலியா, எழுதக் கூடாதே என்று ஏதோ உளறினேன். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அட பாவி. பிடிக்கலையா? எனக்கா பிடிக்கல?

செப்டம்பர் 20

காலையில் அலுவலகம். யூனியரிடம் நேராகவே கேட்டேன்: உல்பியானோ பரோவைப் பற்றி எழுதினால் போடுவாயா?

யோசித்தான். “தாராளமா. அவர் நாட்டை விட்டுப் போனவர் இல்லையா? எப்படிப் போனார்னு ஒரு வரி இருக்கட்டும், நான் பொறுப்பு ஏத்துக்கறேன்” என்றான்.

“அப்ப அந்த உத்தரவு?”

“எந்த உத்தரவு? நான் இங்க வந்ததிலிருந்து அப்படி ஒண்ணை யாரும் சொன்னதில்ல தோழர். நீங்க அவரை எழுதினதே இல்ல. உங்களுக்கு ஆகாதவர்போலன்னு நாங்களும் கேக்கல.”

சொன்னவர் எங்கே என்று விசாரித்தேன். அந்தப் பழைய ஆசிரியர் ஓய்வு பெற்று, மகளோடு அதே வடக்கே, மயாமியில் இருக்கிறாராம். போய் வெகுகாலம் ஆகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யூனியரின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பாவம், பையன் பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பூட்டியிருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார்கள். அதன்பிறகு ஒருநாளாவது கதவைத் தள்ளிப் பார்த்தேனா? என்னைவிட வாயாடி இந்த ஊரில் இல்லை. நடுவர்களோடு, மந்திரியோடு, பயிற்சியாளர்களோடு எல்லாம் மல்லுக்கு நின்றவள். இதை மட்டும் ஏன் கேட்கவில்லை? கேட்டு, கூடாது என்று மறுபடியும் சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான். வேறென்ன?

செப்டம்பர் 28

எழுதிக் கிழித்தேன்.

அக்டோபர் 3

மறுபடியும் கிழித்தேன். புள்ளிவிவரமாக வருகிறது, இல்லாவிட்டால் காதல் கடிதமாக வருகிறது. நடுவில் ஒரு வழி இல்லை.

அக்டோபர் 15

முடித்தேன். அவன் தோற்ற ஆட்டத்தைத்தான் எழுதினேன். இறுதிப்போட்டி, ஏழாவது இன்னிங்ஸ், வேகப்பந்து வீசி ஹோம் ரன் வாங்கினான். மேட்டிலேயே நின்று, அடித்தவன் எல்லா பேஸையும் சுற்றி முடிக்கும்வரை தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். நல்லா அடிச்சான், மரியாதை கொடுக்கணும்ல என்று பிறகு சொன்னான். ஜெயித்ததை எல்லாரும் எழுதுவார்கள். அவன் எப்படி நின்றான் என்பது எனக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 19, வியாழன்

வந்துவிட்டது. தலைப்பிலேயே பேர். மை கையில் ஒட்டியது.

பூங்காவில் அர்செனியோ உரக்க வாசித்தான். அந்தக் கூட்டம் மூச்சு விடாமல் நின்றதை நான் பார்த்ததே இல்லை. முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உடனே, “எல்லாம் சரி. ஆனா நான் சைகையில கேட்டது வளைபந்து. அவன்தான் வேணாம்னு தலையை ஆட்டிட்டான்” என்றான். அவ்வளவுதான், நாலு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். நான் கிளம்பி வரும்போதும் சத்தம் பாலம்வரை கேட்டது.

அக்டோபர் 20

போன் வரவில்லை.

அக்டோபர் 21

வரவில்லை. சமையலறையில் இருந்தால் மணி அடிப்பது கேட்காதோ என்று போனை வாசல்படிவரை இழுத்து வைத்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

வந்தது. ஹலோ இல்லை, நலமா இல்லை.

“ஏழாவது இன்னிங்ஸ்னு எழுதியிருக்கே. எட்டாவது.”

குரல் தடித்துவிட்டது. ஆனால் அவன்தான். நான் விடுவேனா? “ஏழாவது. நீ மேட்டுல நின்னே, நான் மேலேர்ந்து பார்த்தேன்” என்றேன். எட்டு என்றான். ஏழு என்றேன். நல்லவேளை, கூப்பிட்டது அவன் செலவில். கடைசியில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“அங்க வந்து நிரூபிக்கிறேன்” என்றான். பிறகு நிஜமாகவே லைன் போய்விட்டது.

நவம்பர் 14

வருவானா? நம் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறானாம், நொயேலியா சொன்னாள். ஒரு கோபத்தில் சொல்லியிருப்பான் என்றும் தோன்றுகிறது. முடிக்குச் சாயம் பூசினேன். அர்செனியோ பார்த்துவிட்டு, இந்தச் சாயத்தை அணிக்குக் கொடுத்தால் கிழட்டு ஆட்டக்காரர்களுக்கு இன்னும் ரெண்டு சீசன் கிடைக்கும் என்றான். வாயை மூடு என்றேன்.

டிசம்பர் 2

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. டிக்கெட் எடுத்துவிட்டான்.

டிசம்பர் 15, வெள்ளி

வந்தான். வழுக்கை. கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். நொயேலியா வீட்டு வாசலில் ஜனம், எல்லாருக்கும் அவனைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். இரண்டு வாயாடிகளுக்கும் இன்றைக்கென்று வாய் வரவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனான். பத்திரிகையாளர் அறைக்குப் படியேறப் போனேன், பழக்கம். கையைப் பிடித்து நிறுத்தி, இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன், மூன்றாவது பேஸுக்குப் பின்னால் என்றான்.

அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ ஆட்டம் அவனைப் பார்த்திருக்கிறேன். அவன் கீழே மேட்டில் நிற்பான், நான் மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பேன். ஒரே ஒரு ஆட்டம்கூட நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

பொட்டலக் கடலை வாங்கினான். தோலை ஊதிவிட்டு என் உள்ளங்கையில் கொட்டினான். ஏழா எட்டா என்று அவன் தொடங்கவில்லை, நானும் தொடங்கவில்லை. ஜனவரி இரண்டாம் தேதி திரும்பிப் போகிறான். அடுத்த வருஷமும் வர முடியுமா பார்க்கிறேன் என்றான். வா என்றேன். அவன் தோள் என் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. நகர்த்திக்கொள்ளவில்லை, நானும்.

பேப்பருக்குப் பத்தி எழுத வேண்டும். யார் ஜெயித்தார்கள் என்று நாளைக்கு அர்செனியோவிடம்தான் கேட்க வேண்டும்.