மாதாவின் கறுப்பு முக்காடு

ஆத்தே,

போன கிழமை கோயிலிலிருந்து ஒரு பெண் ரெலிபோன் எடுத்து, சம்மனசு வேடம் போடும் பிள்ளைக்கான தேவதூதச் சிறகுகள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றனவா என்று கேட்டாள். அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் திறந்தேன். வெள்ளை இறகும் பசையும் நீங்கள் போட்டுவைத்த பூச்சியுருண்டையும் கலந்த மணம் வந்தது. உங்கள் வீட்டு முன்னறையில் எப்போதும் இருக்கும் மணம். மூடியைக் கையில் பிடித்தபடி கட்டிலில் இருந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு இதை வேறு பாஷையில் எழுத வராது. நாம் பேசியதெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில்தான். லண்டன் பார்க்கிங் பகுதியிலுள்ள முதியோர் இல்லத்தில் நீங்கள் நேர்ஸ், நான் சமையலறையில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்கள் ஊரில் அக்காவை 'ஆத்தே' என்று கூப்பிடுவார்கள் என்றீர்கள். அதன் பிறகு வேறு பெயர் சொல்லி உங்களை நான் கூப்பிட்டதில்லை.

ஒரு தவக்காலத்தில் ஷிப்ட் முடிந்ததும், பாட்டுக் கேட்க வா என்று என்னை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். முன்னறை நிறைய பிலிப்பினோ ஆட்கள். யேசுவின் பாடுகளை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் பாடுகிற பபாசா நடந்துகொண்டிருந்தது. நாலு பேர் பாட, மற்றவர்கள் குசினியில் சாப்பிட்டார்கள். அவர்கள் களைத்தால் இவர்கள் வந்து தொடர்ந்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால், மாதா மகனைச் சிலுவையோடு காண்கிற இடம் எது என்று அந்த இழுவையிலேயே தெரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தவக்கால இரவுகளில் எங்கள் அம்மாவும் மற்றப் பெண்களும் வியாகுலப் பிரசங்கத்தை அப்படித்தான் இழுத்துப் பாடுவார்கள். அதைச் சொன்னேன். உடனே உங்கள் முறையை எனக்குத் தந்து, உன் பாஷையில் பாடு என்றீர்கள். நினைவிலிருந்த வரைக்கும் பாடினேன். முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வாசலில் என் கோட்டை எடுத்துத் தந்து, "இனி ஒவ்வொரு வருஷமும் உனக்கு ஒரு முறை உண்டு" என்றீர்கள். அவ்வளவுதான். ஆனால், லண்டனுக்கு வந்த பிறகு எனக்கென்று ஓர் இடம் வைத்துக் காத்திருப்பதாக என்னிடம் சொன்ன முதல் ஆள் நீங்கள்.

உயிர்த்த ஞாயிறு விடியலில் நீங்கள் நடத்துகிற சாலுபோங்குக்கும் அப்படித்தான் நாங்கள் வரத் தொடங்கினோம். கறுப்பு முக்காடு போட்ட மாதாவின் சுருவச் சிலையைப் பெண்கள் ஒரு தெருவால் சுமந்து வர, உயிர்த்த யேசுவின் சுருவத்தை ஆண்கள் மற்றத் தெருவால் கொண்டு வருவார்கள். கோயில் கார் பார்க்கில் தாயும் மகனும் சந்திப்பார்கள். சம்மனசு வேடம் போட்ட ஒரு சிறுமி பாட்டுப் பாடி அந்த முக்காட்டை எடுப்பாள். துக்கம் அதோடு முடிந்தது என்று மணி அடிக்கும். உங்கள் ஊரில் சம்மனசை மூங்கில் பந்தலிலிருந்து கயிற்றில் இறக்குவார்களாம். சின்ன வயதில் உங்களை இறக்கியபோது கயிறு சுற்றி, மாதாவுக்கு முன்னாலேயே சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தீர்களாம். அதனால்தானோ என்னவோ, இங்கே ஓர் ஏணியை மட்டும் வைத்து, அதைப் பின்னாலிருந்து நீங்களே பிடித்துக்கொள்வீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் சம்மனசாக வர இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல். என் மகள் மெலனியைக் கேட்டீர்கள். பாட்டை இரண்டே நாளில் பாடமாக்கிவிட்டாள். அன்று விடியலில் குளிர்காற்று ஆளைத் தள்ளியது. அவள் ஏணியில் ஏறி, பிழையில்லாமல் பாடி, முக்காட்டைப் பிடித்துத் தூக்கினாள். அது வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். சுருவம் ஆடியது. கூட்டத்தில் ஒரு வயதான அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். நீங்கள் ஏணியில் ஏறி, அவளுடைய கைக்கு மேல் உங்கள் கையை வைத்து சுருவத்தின் கிரீடத்தடியில் தடவ, துணி கழன்றது. மணி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மெலனி மட்டும் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா சொன்னது என்னவென்று பக்கத்தில் நின்ற ஒரு பெட்டைப்பிள்ளை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். முக்காடு சிக்கினால் அந்த வருடம் அந்தக் கோயிலுக்கு ஒரு கெடுதல் வருமாம். அது எனக்குத் தெரியாது. இலையுதிர் காலத்தில் உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்த பிறகுதான், ஏன் பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறாள், ஏன் உங்களைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாள் என்று துருவிக் கேட்டு அறிந்தேன். என் கணவருக்குக் கோபம் வந்தது.

"உந்தக் கதையளை ஆர் பிள்ளைக்குச் சொன்னது?"

"ஆர் சொன்னாலென்ன. அவள் நம்பிப் போட்டாள். நீங்கள் சொல்லிப் பாருங்கோ, நான் சொல்லிக் கேக்கிறாளில்லை."

அவர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் வைத்து உங்களிடமே சொன்னேன். சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றீர்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வரக்கூட மாட்டாமல் கதவோடு நின்றாள். நீங்கள் வழக்கமாகப் பேசுகிற குரலிலேயே பேசினீர்கள். அன்று காற்று பலமாக இருந்ததால் முக்காட்டுக்கு இன்னுமொரு ஊசி குத்தினேன், அதை உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன், அது என் ஊசி என்றீர்கள். மெலனி கேட்டாள்.

"அப்ப ஆன்ரி, உங்களுக்கு வருத்தம் வந்தது உங்களாலையா?"

அவள் கேட்டது ஆங்கிலத்தில். எனக்குள் அது இப்படித்தான் விழுந்தது. எங்கள் ஊரில் நோய்க்கும் துக்கத்துக்கும் வருத்தம் என்ற ஒரே சொல்தான். அதை உங்களுக்கு ஒருநாளும் சொல்லித் தரவில்லை. நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள்.

"இல்லை. ஊசியால் யாருக்கும் நோய் வராது. எனக்கு நோய் வந்தது, அவ்வளவுதான்."

பிறகு அவளிடம் ஓர் உதவி கேட்டீர்கள். இத்தனை வருடமும் ஏணிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன், முக்காடு விலகும்போது மாதாவின் முகத்தை முன்னால் நின்று பார்த்ததே இல்லை, வருகிற உயிர்ப்புக்கு நீ எனக்காக அதை எடுப்பாயா என்று. மெலனி தலையை ஆட்டினாள். அப்போதுதான் கட்டிலுக்குக் கிட்ட வந்தாள்.

அந்த இரண்டாவது ஊசி உண்மையா, அவளுக்காக அந்த நேரம் செய்த கதையா என்று எனக்குத் தெரியாது. உங்களோடு தனியே இருந்த நேரங்களில் பலமுறை கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

போன உயிர்ப்புக்கு உங்களைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் இருத்தினோம். ஏணியை நான் பிடித்தேன். மெலனி ஒவ்வொரு படியாக ஏறுவது ஏணிக் கம்பி வழியே என் கைக்குத் தெரிந்தது. பாட்டு முடிந்தது. முக்காடு ஒரு தடங்கலுமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. மாதாவைப் பார்க்கவென்று வந்த நீங்கள் மாதாவைப் பார்க்கவில்லை, ஆத்தே. நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் பிள்ளையைத்தான் பார்த்தீர்கள்.

மே மாதம் பிறக்குமுன் போய்விட்டீர்கள். உங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் பாட, என்னையும் பாடச் சொன்னார்கள். இரண்டாவது அடியோடு நிறுத்திவிட்டேன். உங்கள் ஊர் பத்தாங்காஸிலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் தொடர்ந்தார். மெலனி அழவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சொன்னாள்: "அம்மா, இந்த முறை முக்காடு ஒழுங்காத்தானே வந்தது." நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். மற்றச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துவிட்டேன். அதன் பிறகு ஒரு வருடமாக அவள் உங்களைப் பற்றிப் பேசவே இல்லை. உங்கள் பெயர் வந்தால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள்.

இன்று விடியலில் புதிய சம்மனசு ஏழு வயதுப் பிள்ளை, உங்கள் ஆட்களில் ஒருத்தியின் மகள். மெலனி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால், எனக்கு முன்னமே எழுந்து கோட்டும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பிள்ளை ஏணிக்கடியில் நின்று அழுதுகொண்டிருந்தது. முக்காட்டுக் கதையை அதற்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். தாய் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மெலனி போய்க் குந்தியிருந்து, அதன் கண்ணை நேரே பார்த்துப் பேசினாள். நான் கிட்டத்தான் நின்றேன். எல்லாம் கேட்டது.

"சிக்கினால் திரும்ப இழு. அதால ஒருத்தரும் சாகமாட்டினம். எனக்குச் சிக்கினது. எனக்கு நல்லாத் தெரியும்."

பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏறியது.

எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இதை உடனே சொல்லவேண்டும் என்று உங்கள் பக்கம் திரும்பினேன். அங்கே நின்ற யாரோ ஓர் அந்நியப் பெண், என்ன வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். ஒரு வருடமாக இப்படித்தான், ஆத்தே. எது நடந்தாலும் முதலில் உங்களிடம் சொல்லத்தான் திரும்புகிறேன்.